இந்தக் கேள்விகள் எதை அளக்கின்றன?



மனச்சோர்வை யாரும் கண்ணால் கண்டதில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சில கேள்விகள் கேட்டு, பதில்களுக்குப் புள்ளி போட்டு, ‘இந்தத் தாய்க்கு மனச்சோர்வு இருக்கலாம்’ என்கிறோம். அந்தப் புள்ளியை எதை வைத்து நம்புவது? ஸ்பிரிங்வெளியிலும் ஊவாவின் மற்றத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் உங்களோடு இந்த மாதம் பேச விரும்புவது இதைத்தான்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். கொக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகிய மூவர் 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கியது. 10 கேள்விகள், மொத்தம் 30 புள்ளிகள். களைப்பு, உடல்வலி பற்றிய கேள்விகளை அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அசதி இயல்பு. அதை நோயாகக் கணக்கிடக் கூடாது.

அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். விடியுமுன் எழும்பிச் சமைத்து, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலையேறுகிற பெண்ணுக்குக் களைப்பு இல்லாமல் இருக்குமா? இரத்தச்சோகையும் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் அவளிடம் மனதைப் பற்றிக் கேட்டால், “நெஞ்சு அடைக்குதுங்க, ஒடம்பெல்லாம் வலி, ஒரே யோசனையா இருக்கு” என்று உடம்பிலிருந்துதான் தொடங்குவாள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், நம்மவர் துயரம் பெருமூச்சாக வெளிப்படுவதை எழுதியிருக்கிறார். உடம்பைப் பற்றிக் கேட்காவிட்டால் அவள் துயரம் நமக்குத் தெரியாமலே போகலாம். கேட்டால், வேலைக் களைப்பை நோயாக்கிவிடலாம்.

இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான குரொன்பாக்கும் மீலும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளப்பதாகச் சொன்னால், அது எதனோடு சேர்ந்து கூடும், எதனோடு சேராது என்பதை முன்கூட்டியே சொல்லி, அப்படி நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று 1955இல் அவர்கள் எழுதினார்கள். நடக்கவில்லையென்றால் சோதித்த முறையையும் கேள்வியையும் பார்க்க வேண்டும். நாம் கொண்ட கருத்தையே மறுபடி யோசிக்கவும் வேண்டும். ஆகவே களைப்பைப் பற்றிய கேள்வியைச் சேர்ப்பதா என்பதைச் சோதித்தே முடிவு செய்யலாம். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் புள்ளி, மருத்துவர் நேரில் பேசிக் கண்டறியும் மனச்சோர்வோடு சேர்ந்து கூடுகிறதா, இல்லை இரத்தச்சோகையோடு கூடுகிறதா?

ஓர் அளவுகோல் ஒவ்வொரு முறையும் ஒரே விடை தருவது மட்டும் போதாது, அளக்க வேண்டியதை அளக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசு பழுதில்லாததாக இருந்தாலும், மழைநாளில் தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கும்.

எத்தனை புள்ளிக்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வது? இடம் மாறினால் அந்த எல்லைப்புள்ளியும் மாறலாம். எடின்பரோ அளவுகோலை உருவாக்கியவர்கள் 12க்கும் 13க்கும் இடையே கோடு போட்டார்கள். தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்து 2005இல் வெளியிட்டவர்களுக்கு அந்தக் கோடு 8க்கும் 9க்கும் இடையே விழுந்தது. ஸ்கொட்லாந்தின் கோட்டை அப்படியே பயன்படுத்தியிருந்தால், உதவி தேவைப்பட்ட தாய்மார் சிலர் விடுபட்டிருப்பார்கள். வேலூரின் கோட்டையும் சோதிக்காமல் பதுளை மலைக்கு எடுத்துவரக் கூடாது.

உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ மறுமுனையிலிருந்து தொடங்கினார். நன்றாக இருப்பவர் எப்படி இருப்பார், மனம் நொந்தவர் எப்படி இருப்பார் என்று இலங்கை மக்களையே சொல்லச் சொல்லி, அந்தக் கதைகளிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். நம் லயங்களிலும் அந்த வேலை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

அளவுகோலில் இப்படிக் குறைகள் இருக்கலாம் என்பதற்காக, மருத்துவமாது கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்காதீர்கள். இன்றைக்கு உதவி கிடைக்கும் வழி அது. உளவியல் படிக்கும் பிள்ளைகளே, அளவுகோல் எதைக் கையில் எடுத்தாலும், அது யாரிடம், எந்த ஊரில் சோதிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். ஆசிரியர்களே, தாய்மாரே, உங்கள் டிவிசனில் மனக்கஷ்டத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், சொற்கள் போதும். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்