கோரிக்கை மனு: நியூமோகோக்கல் ஊசியைக் கூட்டுத் தடுப்பூசி நாள்களோடு சேர்த்துப் போடுதல் தொடர்பாக

பெறுநர்:
துணைத் தலைமை இயக்குநர் (பொதுச் சுகாதாரம்), சுகாதார அமைச்சு, புத்ராஜெயா

நகல்:
இயக்குநர், கோலாலம்பூர், புத்ராஜெயா சுகாதாரத் துறை
மாவட்டச் சுகாதார அதிகாரி, உலு லங்காட், சிலாங்கூர்

அனுப்புநர்:
செராஸ் வட்டாரப் பெற்றோர் சார்பில், சங்கச் செயலவையினர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 4, 6, 15 ஆம் மாதங்களில் தனியாகப் போடப்படும் நியூமோகோக்கல் ஊசியை, விரும்பும் பெற்றோரின் குழந்தைகளுக்கு 3, 5, 12 ஆம் மாத ஊசிகளோடு ஒரே நாளில் போட வகைசெய்யுமாறு கேட்டு இம்மனுவை அளிக்கிறோம்.

தடுப்பூசியின் அருமை எங்களுக்குத் தெரியும். 2016 இல் கெடாவிலும் மலாக்காவிலும் தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. 27 ஆண்டுகளாக நாட்டில் தலைகாட்டாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தையைத் தாக்கியது. ஊசி விட்டுப்போனால் என்ன நேரும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. ஒரு தவணைகூடத் தவறக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

2020 இன் இறுதியில் அமைச்சு இரண்டு நல்ல காரியங்களைச் செய்தது. ஐந்து நோய்க்கான கூட்டு ஊசிக்குப் பதிலாக, கல்லீரல் அழற்சி பி-யையும் சேர்த்து ஆறு நோய்க்கு ஒரே ஊசியைக் கொண்டுவந்தது. 1 ஆம் மாதத்திலும் 6 ஆம் மாதத்திலும் தனியாகப் போட்டுவந்த கல்லீரல் அழற்சி ஊசிகள் இதனால் நீங்கின. தனியார் கிளினிக்கில் பெரும் பணம் கொடுத்துப் போட்டுவந்த நியூமோகோக்கல் ஊசியும் இலவசமானது. இவ்விரண்டுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. ஆனால் ஆறு நோய் ஊசிக்கு 2, 3, 5, 18 ஆம் மாதங்கள், நியூமோகோக்கலுக்கு 4, 6, 15 ஆம் மாதங்கள், தட்டம்மைக் கூட்டு ஊசிக்கு 9, 12 ஆம் மாதங்கள் என்று பிரித்து வைத்ததால், ஒன்றரை வயதுக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது முறை வர வேண்டியிருக்கிறது.

வேலைக்குப் போகும் தாயின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டுகிறோம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாள். அதற்குள் அடங்குபவை 2, 3 ஆம் மாத ஊசிகள் மட்டுமே. மீதி ஏழும் அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு வருகின்றன. 4, 5, 6, 9, 12 என ஐந்து ஊசி நாள்கள் பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்குச் சட்டம் உறுதிசெய்யும் ஆண்டு விடுப்போ எட்டே நாள். பிள்ளைக்கு ஊசி போட என்று தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. கிளினிக்கில் வந்துபோன நேரத்தைக் குறித்துத் தரும் 'டைம் சிலிப்'பை முதலாளி ஏற்றுக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் அன்றைய சம்பளம் போயிற்று.

எங்கள் உறுப்பினர்களில் துப்புரவுப் பணியாளர், பாதுகாவலர், கடைச் சிப்பந்தி, தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர் எனப் பலர் உண்டு. பிள்ளையைக் காலையில் பாட்டியிடமோ பராமரிப்பாளரிடமோ விட்டுவிட்டு எம்ஆர்டி பிடித்து ஓடுகிறவர்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் சுகாதாரப் பதிவேடுகளைக் கூட்டங்களில் புரட்டிப் பார்த்திருக்கிறோம். 3 ஆம் மாத வரிசையில் தேதியும் கையொப்பமும் இருக்கும். 4 ஆம் மாதம் வெறுமையாகக் கிடக்கும். 5 ஆம் மாதம் மறுபடி நிரம்பியிருக்கும். தாய் ஊசியை மறுத்ததால் வந்த வெற்றிடம் அல்ல அது. 5 ஆம் மாதம் அதே பிள்ளை அதே தாதியின் மடியில்தான் இருந்தது. நியூமோகோக்கல் கிருமியால் வரும் கடுமையான நிமோனியாவும் மூளைச்சவ்வு அழற்சியும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்குகின்றன. அந்த வயதில் தவணை தள்ளிப்போவது சிறிய விஷயமல்ல.

கூட்டு ஊசியையும் நியூமோகோக்கல் ஊசியையும் ஒரே நாளில் வெவ்வேறு தொடையில் போடலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கிறது. நாங்கள் கேட்கும் 3, 5, 12 என்ற மாதக் கணக்கிலேயே சுவீடன் இரண்டையும் சேர்த்துப் போடுகிறது. சிங்கப்பூரில் 4 ஆம் மாதமும் 6 ஆம் மாதமும் கூட்டு ஊசியும் நியூமோகோக்கலும் ஒரே நாளில் அமைகின்றன. 2011 டிசம்பரில் கேரளத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலில் ஐந்து நோய்க் கூட்டு ஊசியைத் தொடங்கிய தமிழ்நாட்டில், இன்று 6 ஆம் வாரமும் 14 ஆம் வாரமும் அதனுடன் நியூமோகோக்கல் ஊசியும் போடப்படுகிறது. நியூமோகோக்கலின் முதலிரு தவணைகளுக்கிடையே வேண்டிய எட்டு வார இடைவெளியும் நாங்கள் கேட்கும் 3, 5 என்ற கணக்கில் கிடைத்துவிடும். 4, 6, 15 ஆம் மாதங்களுக்கான மூன்று ஊசிப் பயணங்கள் குறையும். முதல் நியூமோகோக்கல் தவணை மகப்பேறு விடுப்புக்குள்ளேயே வந்துவிடும். எடை, வளர்ச்சிப் பரிசோதனைகள் விட்டுப்போகாதபடி மற்ற வருகைகளில் அவற்றைச் செய்ய அமைச்சு ஏற்பாடு செய்யலாம்.

சேர்த்துப் போட்டால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சற்றுக் கூடுதலாக வரலாம் என்பதை மறைக்கவில்லை. இரண்டு ஊசியா என்று பதறும் தாத்தா பாட்டிகளும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவேதான் எல்லோருக்கும் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. பிரித்துப் போட விரும்புகிறவர்கள் பழைய அட்டவணைப்படியே போட்டுக்கொள்ளட்டும். எது வேண்டும் என்று 2 ஆம் மாத வருகையிலேயே தாதி கேட்டுப் பதிவேட்டில் குறித்துவிட்டால் போதும். காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ப எவ்வளவு பாராசிட்டமால் கொடுப்பது, எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது என்பதைத் தமிழிலும் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி படிக்க வேண்டிய தாள் அது.

இதோடு இன்னொன்று. செராஸ் ஒரே பெயரில் இரு நிர்வாகங்களுக்குள் கிடக்கிறது. தாமான் கோனாட் கூட்டரசுப் பிரதேசம்; கொஞ்சம் தள்ளி, பத்து 9 உலு லங்காட் மாவட்டம். வாடகை கூடினால் குடும்பங்கள் இந்த எல்லையைத் தாண்டி வீடு மாறுவது இங்கே சாதாரணம். கைக்குழந்தையோடு எந்தப் பக்கம் போனாலும், பதிவேட்டைப் பார்த்து அன்றே அடுத்த தவணையைப் போட வேண்டும் என்று இரு தரப்புக் கிளினிக்குகளுக்கும் தெளிவான உத்தரவு தேவை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையாவது குழந்தைத் தடுப்பூசிக்கு ஒதுக்கினால், ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

அட்டவணை மாற்றத்துக்கு நிபுணர் குழுவின் ஆய்வும் மருந்துக் கொள்முதல் திட்டமும் தேவைப்படும் என்பதை உணர்கிறோம். அதுவரை காத்திராமல், கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கிலும் உலு லங்காட்டில் ஒரு கிளினிக்கிலும் ஓராண்டு முன்னோட்டமாகச் செய்து பார்க்கலாம். பெற்றோருக்கு விளக்கம் சொல்லவும், தவணை நாளை நினைவூட்டவும், தமிழ்த் தாளைச் சரிபார்க்கவும் எங்கள் தொண்டர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். இது குறித்து நேரில் பேச எங்கள் பேராளர்களுக்கு ஒரு நாள் ஒதுக்கி, அதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள்
செராஸ், கோலாலம்பூர்