சின்னக் கேள்விக்குச் சிரிப்பா பதில்?

மில்லில் புதிதாகச் சேர்ந்த பையன், அறுந்த இழையை எப்படி ஒட்டுவது என்று பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளியைக் கேட்கிறான். "புஸ்தகத்தில் போட்டிருக்கிறது, போய்ப் படி" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன ஆகும்? பையன் தவிப்பான், நூல் பாழாகும், மேஸ்திரியின் வசவும் கிடைக்கும். ஒரு தடவை விரலில் பிடித்துக் காட்டினால் விஷயம் முடிந்தது. அந்த மூத்தவருக்கும் ஒரு நாள் யாரோ ஒருவர் அப்படிக் காட்டிக் கொடுத்ததுதானே!

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் தொழிலிலும் இதே கதைதான் நடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு மில் தொழிலாளியின் மகன் இருக்கிறான். லூவா என்ற சின்ன மொழியைக் கற்றுக்கொண்டு விளையாட்டு ஒன்று எழுதினான். படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துக்களாலேயே நடக்கும் சண்டை. எதிரிகள் வரிசையாக நிற்கிறார்கள். செத்தவனை வரிசையிலிருந்து நீக்க வேண்டும். ஒருவன் செத்தால் சரியாக நீங்குகிறான். அடுத்தடுத்து நிற்கும் இருவர் செத்தால் இரண்டாமவன் நீங்காமல் நிற்கிறான்! பையன் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் எழுதிக் கேட்டான். வந்த பதில் என்ன? "கையேட்டைப் படி." இன்னொரு மேதாவி, அவன் லூவா என்ற பெயரை ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டான் என்று குற்றம் பிடித்தார். அவர் சொன்னது சரிதான். அது சுருக்கெழுத்து அல்ல, போர்த்துக்கீசிய மொழியில் சந்திரன் என்று பொருள். ஆனால் பையன் கேட்டது சந்திரனைப் பற்றியா?

இந்தச் சந்திரன் உதித்த கதையைத் தெரிந்துகொண்டால், அந்தப் பதில் எவ்வளவு பெரிய துரோகம் என்பது விளங்கும்.

லூவா பிறந்தது அமெரிக்காவில் அல்ல, பிரேசிலில். 1977 முதல் 1992 வரை அந்நாட்டில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் அவற்றுக்கான கட்டளைத் தொகுப்புகளுக்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அதைத் தொடங்கியது ராணுவ ஆட்சி. தொழிலாளி மேல் வைத்த அன்பினால் தொடங்கியதும் அல்ல. ஆனாலும் ஒரு பலன் விளைந்தது. ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டெக்கிராஃப் என்ற பிரிவு, பெட்ரோபிராஸ் என்ற சர்க்கார் எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வாங்குவது லேசல்ல என்பதால், வேண்டிய கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். அப்படி 1993ல் ராபர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலஸ் என்ற மூவர் லூவாவை உருவாக்கினார்கள். அதற்கு முன்பு அங்கே இருந்த ஒரு மொழியின் பெயர் சோல், அதாவது சூரியன். சூரியனுக்குப் பிறகு சந்திரன்!

யாருக்காகச் செய்தார்கள்? எண்ணெய் தேடும் பொறியாளர்களுக்காக, பாறைகளை ஆராய்கிறவர்களுக்காக. கட்டளை எழுதுவதையே தொழிலாகக் கொள்ளாதவர்களுக்காக. அதனால்தான் சொற்கள் குறைவு; 2020ல் வந்த 5.4 என்ற பதிப்பில் மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொற்கள் 22 மட்டுமே. இன்று பிரபலமாக இருக்கும் மொழிகளில் பெரும்பாலானவை வரிசையை 0 என்று தொடங்குகின்றன. லூவா நம்மைப் போல 1, 2, 3 என்று எண்ணுகிறது. இதைக் கேலி செய்கிற பண்டிதர்கள் உண்டு. செய்யட்டும். களத்துமேட்டில் நெல் மூட்டையை 'பூஜ்யமாவது மூட்டை' என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆக, தொழில் தெரியாதவனுக்கென்று பிறந்த மொழி இது. அந்த மொழிக்காரர்களே, தெரியாமல் கேட்பவனை விரட்டலாமா?

"கேள்வி அற்பமானது, பதில் கையேட்டில் இருக்கிறது" என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கையேடு சட்டத்தைச் சொல்லும், கைப்பாங்கைச் சொல்லாது. கைப்பாங்கு தொழிலாளியின் வாய்வழியாகத்தான் வரும். ஒரு உதாரணம் தருகிறேன், நூல் தொழிலாளிக்கு உடனே விளங்கும்.

ஆயிரம் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே சரமாக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் 20 எழுத்து. புதியவன் என்ன செய்வான்? முதல் வரியோடு இரண்டாவதை ஒட்டுவான், அதோடு மூன்றாவதை ஒட்டுவான், இப்படியே போவான். பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லூவாவில் ஒரு சரத்தைத் திரித்து முடித்தால் முடித்ததுதான், அதை நீட்ட முடியாது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பழைய கயிறு முழுவதையும் புதிதாகத் திரிக்கிறது யந்திரம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20,000 எழுத்துள்ள கயிறுக்கு 1,00,10,000 எழுத்துக்களை எடுத்துவைக்கிற வேலை. ஒரு கோடிக்கு மேல்! அனுபவசாலி என்ன செய்கிறார்? துண்டுகளையெல்லாம் ஒரு கூடையில் வரிசையாகப் போட்டுவைத்து, கடைசியில் ஒரே தடவையாகச் சேர்த்துக் கட்டுகிறார். அதற்கென்றே 'டேபிள்.கன்காட்' என்ற கட்டளை இருக்கிறது. கட்டளை கையேட்டில் உண்டு. அதை எந்த நேரத்தில் கையில் எடுப்பது என்பதோ, கேட்டுப் பெறுகிற ஞானம்.

இன்னொன்று. 'கூலி என்று ஒன்று சொல்லியிருந்தால் அது, இல்லாவிட்டால் 100' என்பதை 'அல்லது' என்ற ஒரே சொல்லால் லூவாக்காரர்கள் சுருக்கமாக எழுதுவார்கள். அழகான வழக்கு, நானும் எழுதுகிறேன். அதிலே ஒரு பள்ளம் இருக்கிறது. 0 என்று சொன்னால் லூவா அதை 'இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். தொகை ஏதும் சொல்லாவிட்டால்தான் 100 வரும். ஆனால் 'விளக்கு எரியட்டுமா?' என்பதற்கு 'வேண்டாம்' என்று பதில் வந்திருந்தால், அந்த 'வேண்டாம்' கூட 'ஒன்றும் சொல்லவில்லை' என்று கணக்காகிவிடும், விளக்கு எரியும்! வேண்டாம் என்று சொன்னவனைச் சொல்லாதவனாக்குவது நமக்குப் பழக்கமான அநியாயம்தான். தெரிந்தவர் ஒரு வரியில் எச்சரித்தால் புதியவனுக்கு ஒரு நாள் உழைப்பு மிச்சம்.

இப்படிப்பட்ட கைப்பாங்குகளை யார் சேர்த்துவைத்தார்கள்? எந்தக் கம்பெனியும் அல்ல. 1993லிருந்து கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும், கூலி வாங்காமல் சேர்த்த பொதுச்சொத்து இது. மொழியைச் செய்த மூவரும் அப்படியே நடந்துகொண்டார்கள். 1994ல் வெளியான பதிப்பில் வியாபாரத்துக்கு உபயோகிப்பவர்கள் தனி அனுமதி பெற வேண்டும் என்று இருந்தது. 1995ல் அதையும் எடுத்துவிட்டு, எவரும் எதற்கும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று கொடுத்துவிட்டார்கள்.

யார் அறுவடை செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2004ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு ஆட்டக்காரர்களே எழுதிச் சேர்க்கும் துணைக்கருவிகள் லூவாவில் எழுதப்படுகின்றன. அடோப் கம்பெனியின் 'லைட்ரூம்' என்ற புகைப்படக் கருவியில் பெரும் பகுதி லூவா. கோடி கோடியாகப் புரளும் வியாபாரங்கள்! அதே சமயம், 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குள்ளும் லூவா ஓடுகிறது. நம் பிள்ளைகள் பாடத்துக்காகப் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் அப்படியே. கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கிணறு பொதுவாக இருக்கட்டும். ஆனால் கிணற்றைத் தூர் வாருகிறவன் யார் என்பதை மறக்கக் கூடாது. பதில் சொல்லுகிற அந்தப் பெயர் தெரியாத மனிதன்தான் தூர் வாருகிறவன். கேட்கிறவனும் ஒரு கை மண் அள்ளுகிறவனே; அவன் கேட்காவிட்டால் அந்தப் பதில் பிறந்திருக்காது.

இப்போது புதிய நிலைமை ஒன்று வந்திருக்கிறது. கேள்வி கேட்டால் நொடியில் பதில் சொல்லும் யந்திரங்களைக் கம்பெனிகள் விற்கின்றன. அவை கற்றது எதிலிருந்து? மனிதர்கள் எழுதிவைத்த பதில்களிலிருந்தும்தான். யந்திரம் சிரிப்பதில்லை, கையேட்டைப் படி என்று விரட்டுவதுமில்லை; எனவே விரட்டப்பட்டவன் அங்கே போகிறான். 2022க்குப் பிறகு கட்டளைத் தொழிலில் பொது இடங்களில் எழுதிக் கேட்கப்படும் புதிய கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நான் யந்திரத்தை எதிர்க்கிறவன் அல்ல. அந்தப் பையனும் அதைக் கேட்டுப் பார்த்தவன்தான்.

ஆனால் பழைய பதில் புளித்துப்போகும். 2006ல் வந்த 5.1 என்ற பதிப்பை இன்னும் ஏராளமானோர் உபயோகிக்கிறார்கள். 2011ல் 5.2 வந்தபோது சில கட்டளைகள் இடம் மாறின, சில மறைந்தே போயின. 2015ல் 5.3 வந்தபோது முழு எண்ணும் பின்ன எண்ணும் தனித்தனி இனமாயின. 2008ல் ஒருவர் சொன்ன சரியான பதில் இன்று தவறாக இருக்கலாம். யந்திரம் சில சமயம் எல்லாப் பதிப்பையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கித் தருகிறது. எந்தப் பதிப்பை வைத்திருக்கிறாய் தம்பி என்று முதலில் கேட்கிற மனிதன் இல்லாவிட்டால், நாளைய பதில் எங்கிருந்து வரும்?

பையன் என்னிடம் வந்தான். நான் பெரிய நிபுணன் அல்ல. இருந்தாலும் இதே குழியில் நானும் ஒரு காலத்தில் விழுந்தவன். அவனிடம் சொன்னேன்: "கூலி வாங்க வரிசையில் நிற்கிறோம். கணக்கப்பிள்ளை 1, 2, 3 என்று இடங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறார். 3-ஆம் இடத்து ஆளை வெளியே போகச் சொன்னதும் 4-ஆம் ஆள் நகர்ந்து 3-ஆம் இடத்துக்கு வந்துவிடுகிறார். கணக்கப்பிள்ளையோ அடுத்தது 4 என்று போய்விடுகிறார். நகர்ந்தவர் அவர் கண்ணில் படவே இல்லை. நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். கடைசியிலிருந்து முன்னால் வா. அப்போது நகருகிறவர்கள் எல்லோரும் நீ ஏற்கெனவே பார்த்து முடித்தவர்களாக இருப்பார்கள்."

ஒரே ஒரு வரியை மாற்றினான். செத்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக நீங்கினார்கள்.

நேற்று மறுபடியும் வந்தான். பத்தை இரண்டால் வகுத்தால் 5 என்று வராமல் 5.0 என்று வருகிறதாம். யந்திரம் 5 தான் வரும் என்று சாதிக்கிறதாம். உட்காரச் சொல்லி, எந்தப் பதிப்பு வைத்திருக்கிறாய் தம்பி என்று கேட்டேன்.