தூக்குச்சட்டி காலியாகத் திரும்பியது!



நம் யூனியன் ஏற்பாடு செய்த ஒருநாள் சுற்றுலாவைப் பற்றி இந்த மலரில் யாராவது கட்டாயம் எழுதுவார்கள். பஸ்சில் போட்ட ஆட்டம், திரும்பும்போது பாடிப் பாடித் தொண்டை கட்டியது எல்லாம் அதில் வரும். நான் எழுத வந்தது ஒரு தூக்குச்சட்டியைப் பற்றி!

நான் சிவில் இரண்டாமாண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். நாளெல்லாம் கால் நிற்பது உப்புத் தண்ணியில். குடிக்கிறது தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணிக்கு எங்கள் வீட்டில் இருக்கிற மரியாதை சாமிக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகமே!

பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போகிறோம் என்றதும், அம்மா தூக்குச்சட்டியைத் துலக்கிக் கையில் கொடுத்தாள். “ஏய்யா, நான் அருவியப் பார்த்ததே இல்ல. வரும்போது அந்தத் தண்ணி கொஞ்சம் மோந்துட்டு வாய்யா.”

பஸ்சில் பயல்கள் விடுவார்களா? “என்னலே மக்கா, பால் வாங்கவா போற?” என்று ஒரே கிண்டல். நானும் சிரித்து வைத்தேன்.

ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடற்கரையில் கிளம்பிய பஸ் நெல்லையைத் தாண்டி, வயலைத் தாண்டி, மலையடிவாரம் போய்ச் சேர்ந்தது. செக்போஸ்ட்டில் வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். தூக்குச்சட்டியைப் பார்த்த காவலர் மட்டும், “இதுதான் சரி தம்பி” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமை!

அருவியை நான் வர்ணிக்கப் போவதில்லை. முதல் அடி தலையில் விழுந்தபோது மூச்சே நின்றுவிட்டது, அது போதும். சோப்பு, ஷாம்பு கூடாது என்று எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் பாக்கெட்டில் ஒளித்துக் கொண்டுபோன ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தோம். ‘தோம்’ என்றுதான் எழுத வேண்டும். நானும் ஒருவன். தேய்த்தேன், நுரை பறந்தது. காலிப் பாக்கெட்டை எங்கே போட்டேன் என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை.

குளித்து முடித்ததும் அம்மா சொன்னது நினைவு வந்தது. தூக்குச்சட்டியோடு பாறை ஓரமாக இறங்கினேன். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை. கல்லிடுக்கில் சிக்கிய ஒரு பழைய வேட்டி. அதன் மடிப்பில் நாலைந்து ஷாம்பு பாக்கெட். அதில் ஒன்று என்னுடையதாகவும் இருக்கலாம்! மோக்கக் குனிந்தவனுக்குக் கை வரவில்லை. இதையா அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது?

சட்டி காலியாகவே வீடு வந்தது. அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், “போட்டும்யா. அந்தத் தண்ணிதான நம்ம குழாய்லயும் வருது” என்றாள்.

தோழர்களே, எனக்குச் சுருக்கென்றது! பாட நோட்டில் அணைக்கட்டு வரைந்து மார்க் வாங்கியவன் நான். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி எட்டு அணைக்கட்டுகளைக் கொண்டது, கடைசி ஸ்ரீவைகுண்டம், கடலில் சேர்வது புன்னைக்காயல், எல்லாம் மனப்பாடம். வல்லநாட்டில் அந்த ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர்தான் குழாய் வழியே தூத்துக்குடிக்கு வருகிறது என்பதும் தெரியும். தெரிந்து என்ன? அருவி வேறு, எங்கள் தெருக்குழாய் வேறு என்றல்லவா நினைத்திருந்தேன்! எழுதப் படிக்கத் தெரியாத அம்மா ஒரே வரியில் இரண்டையும் சேர்த்துவிட்டாள்.

“ஊர்ச் சாக்கடையே ஆத்துல கலக்குது. உன் ஒரு பாக்கெட்டுல என்னலே ஆயிரும்?” என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. சாக்கடையைத் தடுக்கச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அதைக் கேட்கவும் வேண்டும். நாளைக்கு அந்த வேலைத்தளத்தில் மட்டப்பலகை பிடித்து நிற்கப் போவதும் நம்மில் சிலர்தான். ஆனால் அந்தப் பாக்கெட் என் கையில் இருந்ததே! அதைத் தடுக்க அரசாணையா வேண்டும்? மணல் வடிகட்டி கலங்கலை எடுக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். கரைந்துபோன சோப்பை முழுசாக எடுக்க இந்த இரண்டாலும் முடியாது. மேலே நாம் போடாமல் இருப்பதுதான் மலிவான சுத்திகரிப்பு!

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும்! அளத்து வீட்டுப் பிள்ளைக்கு அருவி பார்க்க வேறு வழி ஏது? அடுத்த ஆண்டு யூனியன் பொறுப்பாளர்களுக்கு இரண்டே கோரிக்கை. ஒன்று, பஸ் கிளம்பும்முன் நம் பைகளை நாமே சோதிப்போம்; செக்போஸ்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு, திரும்பும் வழியில் வல்லநாட்டில் அரைமணி நேரம் நிறுத்தி ஆற்றைப் பார்ப்போம். காலையில் நம் தலையில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று ஒவ்வொருவரும் கண்ணால் பார்க்கட்டும்.

தூக்குச்சட்டி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. அடுத்த முறையும் எடுத்துப் போவேன். கிண்டல் செய்யுங்கள், பரவாயில்லை. நிறைத்துக்கொண்டு வர விடுங்கள், அது போதும்!