மே மாத ஊட்டி யாருக்காக?

பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். 1993-இல் எட்டாம் வகுப்பு முடித்துப் போன கூட்டம் மட்டும் ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். இது உங்களுக்குத்தான்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பத்து நாளாகப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுகூடல் ஊட்டியிலா, கொடைக்கானலிலா என்று ஆரம்பித்தீர்கள். ஊட்டிதான் குளிர் என்றான் ஒருவன். கொடையில் எப்போது பார்த்தாலும் மழை என்றாள் இன்னொருத்தி. கடைசியில் வாக்கெடுப்பு வைத்து, மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை புறப்பட்டு மூன்று நாள் ஊட்டி, தலைக்கு 8,500 ரூபாய் என்று முடிவும் அறிவித்துவிட்டீர்கள். நான் இந்த முடிவை எதிர்க்கிறேன். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் குளிர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. "பாருங்க டீச்சர், ஊட்டிதானே உயரம்?" என்று எழுதியிருக்கிறான் ஒருவன். ஏழாம் வகுப்பில் "மலை மேலே போனா சூரியனுக்குப் பக்கத்துலதானே போறோம், சூடுல்ல கூடணும்?" என்று என்னை மடக்கப் பார்த்தவனும் இவனேதான். அன்றைக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். அந்தக் கணக்கை இப்போது போடட்டும். நூற்றுச் சொச்சம் மீட்டருக்கு ஒரு டிகிரிகூட வராது. அந்த முக்கால் டிகிரிக்காகவா தலைக்கு 8,500?

ஊட்டி அதிகமாகக் குளிர்வது மார்கழி, தை இரவுகளில். அதற்குக் காரணம் உயரம் மட்டுமில்லை, ஊரின் அமைப்பு. சுற்றிலும் மேடு, நடுவில் கிண்ணம் மாதிரிப் பள்ளம். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி அந்தப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் புல்வெளியில் உறைபனி விழுகிறது. கொடை பழனி மலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர். கீழே இருந்து மூடுபனி ஏறி வரும். ஊட்டி அளவுக்கு உறையாது. ஆனால் நீங்கள் போகப்போவது மே மாதம். அப்போது பகலில் இரண்டு ஊரும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதையும் எப்போதும் நம்ப முடியாது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது, ஊட்டிக்கே அது சாதனை வெப்பம். செய்தியில் பார்த்துவிட்டு அன்றைக்கு நீங்களே குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள்.

அடுத்து மழை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கொடைக்கானலில் ஊட்டியைவிட மழை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மாதத்து மழை என்று கேட்க வேண்டாமா? கொடையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. தென்மேற்குப் பருவக்காற்றில் நீலகிரி நன்றாகவே நனையும். பழனி மலை அந்த நேரத்தில் அந்த அளவுக்கு நனையாது. "எப்போது பார்த்தாலும் மழை" என்று எழுதியவளுக்கு ஒரு கேள்வி. அப்படியென்றால் சூரியனை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகத்தை 1899-இல் வெள்ளைக்காரன் எதற்காகக் கொடைக்கானலில் கொண்டுபோய் வைத்தான்? சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-இல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இன்றும் உலகத்துப் பாடப்புத்தகங்களில் அது அவர் பெயரால்தான் இருக்கிறது. குடை பிடித்துக்கொண்டா கண்டுபிடித்தார்?

குளிரும் மழையும் போகட்டும். நான் எழுத உட்கார்ந்ததே அந்த 8,500-ஐப் பற்றித்தான்.

ஏற்பாட்டுக் குழு போட்ட பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். ஏசி வேனுக்குத் தலைக்கு 2,600. இரண்டு இரவு அறைக்கு 3,200. சாப்பாட்டுக்கு 1,500. சுற்றிப் பார்க்க 600. டி-ஷர்ட் 350. ட்ரோன் வீடியோவுக்கு 250. கூட்டல் சரிதான், பரவாயில்லை, கணக்குப் பாடம் வீண் போகவில்லை. (ட்ரோன் எதற்கு என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மேலே இருந்து எடுத்தால் உங்கள் வழுக்கைதான் தெரியும்.)

இதில் 2,600-உம் 3,200-உம்தான் பெரிய தொகை. இரண்டும் எங்கிருந்து வந்தன? வேன் காசு தூரத்தால் வருகிறது. நம் திருமங்கலத்திலிருந்து ஊட்டிக்குப் போக மட்டும் 300 கிலோமீட்டரைத் தொடும். கொடைக்கு 140-க்குள் முடிந்துவிடும். பாதிக்கும் குறைவு. காசு மட்டுமா? ஊட்டிக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள் தேய்ந்துவிடும், அதனால்தான் மூன்று நாள் கேட்கிறது. கொடைக்கு விடியற்காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். வத்தலகுண்டில் இறங்கி டீ குடிக்க நேரமிருக்கும். வாந்தி எடுக்கிறவர்கள் அங்கே எதுவும் சாப்பிடாமல் ஏறுங்கள். பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

அறை வாடகை மாதத்தால் வருகிறது. குழு பார்த்து வைத்திருக்கும் அதே ஊட்டி விடுதிக்கு நானே போன் செய்தேன். மூன்று பேர் தங்கும் அறைக்கு மே மாதம் ஓர் இரவுக்கு 4,800. அதே அறை ஜூலை கடைசியில் எவ்வளவு என்று கேட்டேன். 2,100 என்றார்கள். ஊரை மாற்றவில்லை, அறையை மாற்றவில்லை. மாதத்தை மட்டும் மாற்றினேன். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஊட்டி மலிவா கொடை மலிவா என்று பத்து நாள் சண்டை போட்டீர்களே, எந்த மாதம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மே மாதம்தான் 'சீசன்' என்று யார் சொன்னது? வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் கோப்புகளோடு ஊட்டிக்குக் குடிபெயர்ந்துவிடும். துரைமாருக்கு நம் ஊர் வெயில் ஆகாது. அவர்கள் போன மாதம் சீசன் ஆயிற்று, பள்ளி விடுமுறையும் அதே மாதத்தில் வர, மலர்க் கண்காட்சியும் அதே மாதத்தில் வர, எல்லோரும் அதே மாதத்தில் ஏறுகிறோம். கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்றமே தலையிட்டு இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கையும் வைத்தது. அப்படிப்பட்ட நேரத்தில், அதுவும் சனிக்கிழமையில், வேன் கட்டிக்கொண்டு போகிறார்களாம். இரண்டு ஊருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மே மாதம் அங்கே போனால் வண்டிக்குள் உட்கார்ந்து முன் வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் மனப்பாடம் செய்யலாம்.

"ஊட்டிக்குப் போனால்தான் மலை ரயில்" என்று ஒரு வாதம். அந்த ரயில் பெரிய விஷயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் சக்கரத்தைப் பிடித்து ஏறும். 1908-இல் ஊட்டி வரை வந்தது, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் மே மாதத்தில் 34 பேருக்கு டிக்கெட் எங்கே? குழுவின் பட்டியலில் ரயில் கட்டணம் என்று ஒரு வரிகூட இல்லையே. வாக்குக் கேட்கும்போது ரயில், போகும்போது வேன். தேர்தல் வாக்குறுதி மாதிரி இருக்கிறது. கொடைக்கு ரயில் கிடையாது என்பதும் உண்மைதான். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கொடைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஸ்டேஷனே தேவையில்லை.

இறங்கிய பிறகு ஆகும் செலவையும் பாருங்கள். ஊட்டியில் தொட்டபெட்டா ஒரு பக்கம், பைக்காரா ஒரு பக்கம், குன்னூர் ஒரு பக்கம். வண்டி இல்லாமல் நகர முடியாது. கொடையில் பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்கு நடந்தே போகலாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், நடக்கக் காசு கிடையாது. பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா, கொஞ்சம் தள்ளி கோக்கர்ஸ் வாக். பைன் காடு, குணா குகைக்கு மட்டும் வண்டி வேண்டும். அந்த மலையாளப் படம் வந்ததிலிருந்து குகைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. அதை விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது என் கணக்கு. ஜூலை கடைசி வாரம், இரண்டு நாள், ஓர் இரவு, கொடைக்கானல். பஸ் போக வர 400 என்று தாராளமாகவே வைத்திருக்கிறேன். மூன்று பேர் அறை 1,500 என்று பேசி வைத்திருக்கிறேன், தலைக்கு 500. சாப்பாடு 600. உள்ளூர் வண்டி 300. கைச்செலவு 200. மொத்தம் 2,000.

ஏன் ஆடியில் என்று சிலர் மூக்கைச் சுளிப்பீர்கள். சொல்கிறேன். வாக்கெடுப்பில் 34 பேரில் 21 பேர்தான் வாக்களித்தீர்கள். 13 பேர் பார்த்திருக்கிறார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. வாக்களித்த பெயர்களைப் பார்த்தேன்: சென்னை, பெங்களூர், துபாய், அரசு வேலை. வாக்களிக்காத பெயர்களையும் பார்த்தேன். ஒவ்வொருவர் வீடும் எனக்குத் தெரியும். தையல் கடை, டீக்கடை, சமையல் வேலை, கூலி வேலை. இரண்டு பேர் "வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இருப்பது உண்மை. சித்திரை, வைகாசி முகூர்த்த மாதம். ரவிக்கை தைக்கிறவளும் கல்யாணச் சமையலுக்குப் போகிறவனும் ஆண்டு முழுவதும் உட்கார்ந்து சாப்பிடுவதை அந்த நாட்களில்தான் சம்பாதிக்க வேண்டும். மூன்று நாள் போனால் 8,500 மட்டுமா போகிறது? மூன்று நாள் கூலியும் சேர்ந்து போகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. அவர்கள் கை ஓய்ந்திருக்கும். துபாய்க்காரர்களுக்கும் அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தானே? குடும்பத்தோடு எப்படியும் ஊருக்கு வருகிறீர்கள்.

"வசதி இல்லாதவங்களுக்கு நாங்க ஸ்பான்சர் பண்றோம் டீச்சர்" என்று இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்திருக்கிற ஒரு மனுஷி, உன் காசில் வேன் ஏறி, உன் காசில் டி-ஷர்ட் போட்டு, மூன்று நாள் உன் பக்கத்தில் எப்படி உட்காருவாள்? ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். மதிய உணவுத் தட்டை வரிசையில் சேர்ந்து கழுவியவர்கள். எல்லோராலும் எடுத்து வைக்க முடிகிற தொகையாக இருந்தால் ஸ்பான்சர் என்ற பேச்சே எழாது.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகள், "பெரியம்மா ஊட்டிக்கு விரோதி" என்று இதைப் படித்துவிட்டுச் சொல்வாள். இல்லைடி. உனக்கு ஊட்டி 86 கிலோமீட்டர். காலையில் போய் இரவு திரும்பலாம். நீ ஊட்டிக்கே போ, ஆனால் நீயும் மே மாதம் போகாதே. அப்புறம், "இந்தக் காசுக்கு பாங்காக் போயிட்டு வரலாம் சித்தி" என்று ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எழுதுகிற பிள்ளை, தயவுசெய்து இதற்குக் கீழே எழுத வேண்டாம்.

ஜூலையில் கொடையில் மூடுபனி இருக்கும், தூறல் இருக்கும், கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பள்ளத்தாக்குக்குப் பதில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மட்டும் தெரியலாம். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. பார்க்க ஒன்றும் தெரியாவிட்டால் உட்கார்ந்து பேசுங்கள். முப்பத்து மூன்று வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது.

அந்த வாக்கெடுப்பை நீக்கிவிடுங்கள். பெயர் தெரிகிற வாக்கெடுப்பு இனி வேண்டாம். 34 பேரும் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: ஜூலை கடைசி வாரம், கொடை, 2,000 ரூபாய், வர முடியுமா முடியாதா. 2,000-உம் அதிகம் என்றால் எவ்வளவு முடியும் என்று மட்டும் எழுதுங்கள், காரணம் வேண்டாம். ஞாயிறு இரவுக்குள் வந்தால் போதும். எத்தனை பேர், எவ்வளவு தொகை என்பதை மட்டும் குழுவில் போடுவேன், யார் என்ன எழுதினார்கள் என்பது என்னோடு இருக்கும். வாட்ஸ்அப் இல்லாத மூன்று பேர் வீட்டுக்கு நானே நேரில் போய்க் கேட்டு வருகிறேன். டி-ஷர்ட் கிடையாது. ஸ்வெட்டரும் குடையும் அவரவர் கொண்டு வர வேண்டும்.