‘பரவாயில்லை’ என்றொரு தீர்ப்பு

“படம் எப்படி?” என்று கேட்டால் நம் பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் இன்று கிடைக்கும் விடைகள் மூன்றே மூன்றுதான். ‘சூப்பர்’ என்பது ஒன்று. ‘மொக்கை’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே, எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போன்ற பாவனையில், ‘பரவாயில்லை’. இரண்டரை மணி நேரம் ஒரு குடும்பமே கண்கொட்டாமல் அமர்ந்து பார்த்த படைப்பைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பெழுதிவிட்டுப் பாய் விரிக்கப் போய்விடுகிறோம். சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போதுகூட இதைவிட அதிகம் பேசுகிறோமே!

வீட்டில் பொழுதுபோக்காக ஒரு படம் பார்க்கிறார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள், இதற்கும் ஒரு கட்டுரையா என்று வாசகர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். திரைப்படக்காரர்களைத் திட்டுவதற்கு மேடைகளுக்குப் பஞ்சமில்லை. நம் மறையுரைகளிலேயே அதற்குத் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறோம். இங்கே வழக்கு அவர்கள் மேல் தொடுக்கப்படவில்லை. திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நம் மேல்தான்.

2023ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதற்பாகம் வெளிவந்தது. சில வாரங்களிலேயே வீட்டுத்திரைக்கும் வந்து சேர்ந்தது. நம் பங்குத்தளம் ஒன்றில், நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், மூன்று தலைமுறையினரோடு அமர்ந்து அதனைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. படம் ஓர் இரயில் தகர்ப்பில் தொடங்குகிறது. கவிழ்ந்த பெட்டிகளுக்கிடையே படக்கருவி வெட்டின்றி நீண்ட நேரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காயம்பட்டோரின் ஓலம், தூக்கிச் செல்வோரின் பதற்றம், நடுவே அதிகாரிகளின் கணக்கு. கூடத்தில் இளைஞர்கள், “எப்படி எடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!” என்று வியந்தார்கள். வியப்பில் தவறில்லை, திறமைதான் அது.

அப்போது சுவரோரம் நாற்காலியில் இருந்த பெரியவர், இரயில்வேயில் கேங்மேனாக உழைத்து ஓய்வு பெற்றவர், மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். “அன்றைக்கு நாங்கள் வேட்டியைக் கிழித்துத்தான்…” அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை. “தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்கள், வசனம் கேட்கவில்லை” என்றான் பேரன். நாமும் அவன் பக்கமே தலையசைத்தோம். இதனை எழுத இன்று கை கூசுகிறது.

அவர் சொல்ல வந்தது என்ன? அந்தப் படம் நிகழ்வது அருமபுரி என்னும் கற்பனை ஊரில்தான். ஆயினும் நம் மாவட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் அந்தக் காட்சியைக் கண்டதும் மருதையாறு நினைவுக்கு வராமல் போகுமா? 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து, ராக்போர்ட் விரைவு வண்டி தடம்புரண்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு வைத்தது தமிழ்நாடு விடுதலைப் படை என்று வழக்கு நடந்தது. அதன் தலைவர் தமிழரசன் 1987 செப்டம்பரில் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளை முயற்சியின்போது பட்டப்பகலில் அடித்துக் கொல்லப்பட்டார். அவரை வீரர் என்போரும் நம்மிடையே உண்டு. அந்த வண்டியில் உறவினரை இழந்தோரும் உண்டு. சில நேரங்களில் இருவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். சென்னையில் அமர்ந்து ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் போடும் விமர்சகருக்கு இந்தத் தெரு தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த நாம் வாயை மூடிக்கொண்டு, தெரியாத அவருடைய மூன்றரையை எடுத்துப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கிறோம்!

அதே ஆற்றில்தான் 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன் தூத்துக்குடி விரைவு வண்டி வெள்ளத்தில் விழுந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் பிறந்த நாளும் நவம்பர் 23தான் (2007). ஒரே தேதியின் ஒரு பாதிக்கு விழா எடுக்கிறோம். மறு பாதியைப் பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவு வினாவாக மனப்பாடம் செய்கிறார்கள், அதுவும் சாஸ்திரி அவர்களின் பெயருக்காக.

இன்னொரு படத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஜெய் பீம்’ 2021ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வெளியானது. திரையரங்குக்கு வராமல் நேரே வீட்டுக்கு வந்த படம் அது. அன்று இறந்த விசுவாசிகளின் நினைவு நாள் என்பதை வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிய நம் குடும்பங்கள் பல, அன்றிரவோ அந்த வாரத்திலோ, மற்றொரு மரித்தவனின் கதையை வீட்டில் அமர்ந்து பார்த்தன. வெள்ளாற்றுக்கு வடக்கே, நமக்கு அண்டை ஊரென்றே சொல்லத்தக்க முதனை கிராமத்தைச் சேர்ந்த இராசாகண்ணு, 1993இல் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி பார்வதி நீதி கேட்டு உயர்நீதிமன்றம் வரை போனார். அன்று வழக்கறிஞராயிருந்து பின்னாளில் நீதியரசரான கே. சந்துரு அவருக்காக வாதாடினார். குறவர் சமூகத்தவரான அவரைப் படம் இருளராகக் காட்டியது, பெயர்களையும் மாற்றியது. எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என்பது பேச வேண்டிய பொருளே.

ஆனால் நம் ஊர்களில் பேசப்பட்டது எது? சுவரில் தொங்கிய நாட்காட்டி! அதில் இருந்த சின்னம் எந்தச் சாதிக்குரியது, கொடுமைக்கார உதவி ஆய்வாளருக்கு வைத்த பெயர் யாரைக் குறிக்கிறது என்பதே வாரக்கணக்கில் விவாதம். அந்தப் படம் நீக்கப்பட்டது; இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். புண்பட்டதாகச் சொன்னவர்களின் நியாய அநியாயத்தை அளப்பது நம் நோக்கமன்று. நம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். உண்மை வழக்கில் தண்டிக்கப்பட்ட உதவி ஆய்வாளர் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர் என்ற செய்தி அந்நாள்களில் நாளேடுகளில் வந்தது. அதைப் படித்து நம்மவர் என்ன செய்தோம்? திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கையால் இந்தக் கொடுமை நடந்ததே என்று எந்த அன்பியக் கூட்டத்திலாவது எவராவது வாய்விட்டு வருந்தியதுண்டா? நமக்குக் கேட்டது ஒரு பெருமூச்சு மட்டுமே: “நல்லவேளை, படத்தில் நம் பெயர் வரவில்லை.”

இந்த ஒரு வாக்கியத்தில் நம் திரைப்பட விமர்சனம் முழுவதும் அடங்கிவிட்டது. பாதிரியாரைக் கேலி செய்தால் கொதிக்கிறோம். சிலுவை அணிந்தவனை அடியாளாகக் காட்டினால் மனு எழுதுகிறோம். ஒரு பாத்திரம் நல்லவராக ஜெபமாலை உருட்டினால் ‘அருமையான படம்’ என்று பங்குக் குழுவிற்கே பரிந்துரைக்கிறோம். நம் ஆள் உயர்ந்தானா, தாழ்ந்தானா என்ற கணக்கைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கும் கண்ணுக்கு, நாட்காட்டியை மட்டும் பார்த்த கண்ணைக் குறை சொல்லும் தகுதி ஏது?

அதே ‘ஜெய் பீம்’ படத்தை நம் ஊர் வீடொன்றில் பார்த்த ஒரு தாயார் கேட்ட கேள்வியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். அடுப்படி வாசலில் நின்றபடியே பாதிப் படம் பார்த்தவர் அவர். “நிறைமாதக்காரி இவ்வளவு தூரம் நடந்துகொண்டே இருக்கிறாளே, வழியில் ஒரு வீட்டிலும் அவளை உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றவில்லையா?” என்றார். கூடத்தில் இருந்த ஆண்கள் சிரித்துவிட்டு நடிகரின் வாதத்திறமையைப் பேசப் போய்விட்டார்கள். எத்தனையோ விமர்சனங்களைப் படித்தோம். இந்தக் கேள்விக்கு இணையான ஒன்றை நாம் காணவில்லை. வழக்கறிஞரின் வெற்றியை நோக்கி ஓடும் கதை, ஊர் என்ற ஒன்றை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறது என்று ஒரே வரியில் காட்டிவிட்டார் அவர். இராசாகண்ணு போன்றோர் நம் ஊர் வழியாகவும் நடந்து போயிருப்பார்கள் என்பதையும் அந்தக் கேள்வி சொல்லாமல் சொல்லிற்று. அவரிடம் “படம் எப்படி?” என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிச் சொன்னால் ஒரு சாரார் உடனே கைதூக்குவர்: “இதற்குத்தான் படமே வேண்டாம் என்கிறோம். வீட்டுக்குள் விட்டதே பிழை.” இக்குரல் புதியதன்று. 1930களில் அமெரிக்கக் கத்தோலிக்கர் ‘லீஜியன் ஆஃப் டீசன்சி’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, படங்களுக்குத் தரம் பிரித்து, தீய படங்களைப் பார்ப்பதில்லை என்று கோவில்களில் உறுதிமொழியே எடுத்தனர். 1936இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் குறித்த தம் சுற்றுமடலில் அம்முயற்சியைப் பாராட்டினார். அக்காலத்துக்கு அது தேவையாய் இருந்திருக்கலாம். ஆனால் திருச்சபை அங்கேயே நின்றுவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பு, இளையோர் தாம் பார்ப்பதையும் கேட்பதையும் ஆசிரியர்களோடும் அறிந்தவர்களோடும் கலந்து பேசி நேரிய தீர்ப்புக் கூறக் கற்க வேண்டும் என்கிறது. 1995இல், திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், மார்க்சியரான பசோலினி எடுத்த மத்தேயு நற்செய்திப் படம் சமயப் படங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. உரோமையே இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்ட பின்பும், நம்மில் சிலர் 1934இலேயே உட்கார்ந்துகொண்டு, தாமும் இரவில் கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பகலில் பிள்ளைகளிடம் ‘பார்க்காதே’ என்கிறார்கள்.

மறுசாரார் வேறு பாட்டுப் பாடுவர்: “உழைத்துக் களைத்து வருகிறோம். சிமெண்டுத் தூசியிலும் பருத்திக்காட்டு வெயிலிலும் வாடிய மனிதனுக்கு ஒரு படம் ஆறுதல். அதிலும் ஆராய்ச்சியா?” இதில் பாதி உண்மை இருப்பதால் மறுப்பதும் கடினமே. களைத்தவன் சிரிக்கட்டும், வடிவேலு அவர்களின் நகைச்சுவைக்கு உரை எழுதச் சொல்லவில்லை. ஆனால் வேலைத்தள விபத்து ஒன்றை ஒரு படம் காட்டும்போது, தூசியைத் தின்று வளர்ந்த வாய் ஏன் பேசக்கூடாது? களைப்பு என்பது பேசாதிருப்பதற்கான காரணமா, அல்லது பேசுவதற்கான தகுதியா?

ஒரு காலம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, திருவிழா இரவிலோ கலியாண வீட்டிலோ விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். ‘அன்னை வேளாங்கண்ணி’ அப்படித்தான் எத்தனையோ ஊர்களில் ஓடியது. தெருவே மண்ணில் அமர்ந்து பார்த்தது. நாடா சிக்கிக்கொண்டு படம் நின்றால் போதும், அங்கேயே நீதிமன்றம் கூடிவிடும். அவன் செய்தது சரியா, அவள் போயிருக்கலாமா, நம் ஊரில் இன்னார்க்கும் இப்படித்தானே நடந்தது என்று வழக்காடுவார்கள். மறுநாள் களைவெட்டுகிற வயலிலும் அது தொடரும். அன்றைய படங்கள் இன்றையவற்றைவிட உயர்ந்தவை என்று நாம் சொல்ல மாட்டோம். பெரும்பாலானவை அப்படி ஒன்றும் இல்லை. பேச்சுத்தான் பெரிதாக இருந்தது. பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது, அரசே இலவசமாகவும் கொடுத்தது. இன்று ஆளுக்கொரு கைப்பேசி. படம் நிற்பதே இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்கிவிடுகிறது. எப்போது பேசுவது?

நம் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’ பாடிய அதே கையால், மக்கள் வாயில் வழங்கிய கொடுந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். திண்ணைப் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அது கற்கத்தக்கது என்று இத்தாலியிலிருந்து வந்த அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் நடந்த மண்ணில் பிறந்த நமக்கு நம் திண்ணைப் பேச்சு இளக்காரமாகிவிட்டது.

அந்தப் பெரியவரின் கதையை முடித்துவிட வேண்டும். படம் முடிந்து இளையோர் எழுந்து போனபின், நாம் அவர் அருகில் அமர்ந்து, தடுத்ததற்கு வருத்தம் தெரிவித்துக் கேட்டோம். முதலில் தயங்கினார். பிறகு, வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டதைச் சொன்னார். காயம்பட்டவர்களுள் ஒருவர், தம் கால் போனதைவிடச் செருப்பு ஒன்று காணாமல் போனதையே திரும்பத் திரும்பக் கேட்டாராம். “படத்தில் எல்லாரும் கத்துகிறார்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் கத்தவே இல்லை” என்றார். குண்டு வைத்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். நெடுநேரம் பேசவில்லை. “அவர்களில் ஒருவன் எங்களோடு கபடி ஆடியவன்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பேரன் நம்மிடம் வந்து, “தாத்தா சொன்னது எந்த இரயில், ஐம்பத்தாறா, எண்பத்தேழா?” என்று கேட்டான். எண்பத்தேழு என்றோம். “அப்படியானால் அவருடைய அப்பாவும் ஆற்றில் இறங்கினார் என்கிறாரே, அது?” என்றான். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவரிடமே போய்க் கேள், படம் ஓடாத நேரமாகப் பார்த்துப் போ என்று அனுப்பி வைத்தோம்.