ஈரம் அரிக்கும் ஏடுகள்

நூலுக்குப் பகையாவன நெருப்பு, நீர், பூச்சி, பொறுப்பின்மை என நான்கு எனலாம். இவற்றுள் நெருப்பின் கொடுமையை உலகம் உடனே அறியும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது தமிழுலகே கலங்கி நின்றது. ஆயின், ஓசையின்றியும் புகையின்றியும் நம் நூலகங்களில் ஆண்டுதோறும் நிகழ்ந்துவரும் மற்றோர் அழிவை நாம் பொருட்படுத்துவதில்லை. காற்றில் கலந்துள்ள ஈரத்தால் விளையும் அழிவே அது. அதனைத் தடுக்க வழியுண்டு என்பதும், நாம் பெரிதும் நம்பியிருக்கும் குளிர்சாதனம் அவ்வழியன்று என்பதுமே ஈண்டு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

ஈரம் செய்யும் கேடு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரை ஊர்களின் காலைக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. மூடிய அறையொன்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் பல நாள் நீடித்தால் பூஞ்சணம் தோன்றுகிறது. அது தாளை உண்ணும். கட்டடத்துப் பசையை உண்ணும். அதன் பின்னே புத்தகப் பேனும் இராமபாணப் பூச்சியும் வந்து குடியேறும். தைத்த கம்பி துருவேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பெருகிய மரக்கூழ்த் தாள்களில் அமிலம் இயல்பாகவே உண்டு. அவ்வமிலம் தாளை நொறுக்கும் வேலையை ஈரம் மேலும் விரைவுபடுத்துகிறது.

இழப்பு எத்தகையது என்பதைப் பதிப்பு வரலாறு அறிந்தோர் நன்கு உணர்வர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் அச்சேற்றினார். சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்டார். ஒரு சுவடியில் சிதைந்த இடத்தை மற்றொரு சுவடி காட்டிக்கொடுப்பதே பதிப்புப் பணியின் உயிர்நாடி. அந்த மற்றொரு சுவடி ஈரத்தால் மட்கிப் போயிருக்குமாயின், எத்துணைப் புலமை இருந்தும் பயன் என்ன? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் எழுந்த அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகளும் கல்லச்சுக் கிதாபுகளும் உப்புக்காற்று வீசும் கடலோரத்திலேயே இருந்து வருபவை என்பதும் நினைக்கத்தக்கது.

முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஓலைக்கு மஞ்சளும் வசம்பும் பூசினர். துணியில் இறுகக் கட்டினர். அடுப்படிப் பரணில் புகைபடுமாறு வைத்தனர். சுண்ணாம்புக் காரைச் சுவரும் நடுமுற்றமும் ஈரத்தை வாங்கி வெளியேற்றின. இன்றோ சிமென்டுக் கட்டடம் எழுப்பி, சாளரங்களை அடைத்து, குளிர்சாதனத்தைப் பொருத்திவிட்டு, நூல்கள் காக்கப்பட்டன என்று மன அமைதி கொள்கிறோம்.

குளிர்ச்சி வேறு, உலர்ச்சி வேறு

ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது; 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராம் மட்டுமே தாங்கும். ஆதலின், நீரை அகற்றாமல் காற்றைக் குளிர்வித்தால் ஈரப்பதம் குறையாது, கூடும். குளிர்சாதனமும் ஓரளவு நீரைப் பிழிந்தெடுக்கிறது என்பது உண்மையே. எனினும், குறித்த குளிர்ச்சி வந்தவுடன் அதன் வேலை நின்றுவிடுகிறது. அன்றியும், மாலையில் நூலகம் பூட்டப்படும்போது அதுவும் நிறுத்தப்படுகிறது. இரவில் வெளியிலுள்ள ஈரக்காற்று இடுக்குகள் வழியே புகுந்து, குளிர்ந்த சுவரையும் நூலையும் தொடுகிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே துளிகள் அரும்புவதை யார்தாம் கண்டதில்லை? அதுவே நூலடுக்கிலும் நிகழ்கிறது. பகலில் மனிதர்க்கு இன்பமளித்த பொறி, இரவில் பூஞ்சணத்துக்கு வழிவகுத்து வைக்கிறது.

இதற்கென உள்ள பொறி, 'டீஹியூமிடிஃபையர்' என வணிகர் வழங்கும் ஈரமகற்றி. அறைக் காற்றை உள்ளிழுத்து, குளிர்ந்த குழாய்ச்சுருளின் மீது செலுத்தி, நீரை வடித்தெடுத்து, பின் சூடான சுருளின் வழியே உலர்ந்த காற்றாக வெளிவிடுவது அதன் செயல்முறை. பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில், 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் இருக்குமாயின், அக்காற்றில் மட்டும் ஏறத்தாழ ஏழே முக்கால் லிட்டர் நீர் கரந்துள்ளது. அதனை 55 விழுக்காட்டுக்குக் கொணர இரண்டரை லிட்டர் அளவு நீரை வெளியேற்ற வேண்டும். கதவு திறந்திருந்தாலோ அந்நீர் மீண்டும் வந்து சேரும்.

அமெரிக்க வீடுகளில் காற்றுக்குழாய்களோடு இணைத்து, ஒரே பொறியால் வீடு முழுவதையும் உலர்த்தும் வழக்கம் உண்டு. சாளரம் திறந்து வாழும் நம் கட்டடங்களுக்கு அம்முறை அப்படியே பொருந்தாது. முழு நூலகத்தையும் உலர்த்த முயன்று தோற்பதினும், கட்டடத்தின் நடுவே வெளிச்சுவர் படாத ஓர் அறையைத் தேர்ந்து, ஒழுக்கை அடைத்து, இடுக்கை மூடி, அரிய நூல்களை அங்கே வைத்து, அதனை இரவும் பகலும் காப்பதே அறிவுடைமை.

எழக்கூடிய தடைகள்

மின்செலவு மிகும் என்பர். 500 வாட் பொறி நாள் முழுதும் இடையறாது ஓடினாலும் 12 யூனிட்டே ஆகும். 1500 வாட் குளிர்சாதனம் எட்டு மணி நேரம் ஓடுவதற்கும் அதே 12 யூனிட்தான். செலவு ஒன்றே, பயன்பெறுவோர் வேறு. அறை சற்று வெம்மையுறும் என்பதும் மெய்யே. எனினும் நூலுக்கு அதனினும் கொடிது ஈரம்.

எல்லாவற்றையும் மின்படியாக்கிவிட்டால் போதுமே என்போரும் உளர். மின்படியாக்கம் வேண்டுவதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சணம் தின்ற எழுத்தை எந்தப் பொறியும் படியெடுக்க இயலாது. படியெடுக்கும் முறை வரும்வரை ஏடு உயிரோடிருக்க வேண்டுமன்றோ?

மிகைப்பட உலர்த்துதலும் தீதே. 40 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் ஓலை வெடிக்கும். ஆகவே 50 முதல் 55 வரை நிலைநிறுத்துதல் நன்று. இதனை அளந்தறிய ஓர் ஈரமானி இன்றியமையாதது. காலையும் மாலையும் அதன் அளவைக் குறிப்பேட்டில் பதியத் தமிழ்த்துறை மாணவர் இருவரை அமர்த்தலாம். சுவடியியலை வகுப்பில் பாடமாகக் கற்கும் மாணவர்க்கு இதனினும் சிறந்த செய்முறைப் பயிற்சி இல்லை.

நூலகத்துக்குப் புதிய நூல் வாங்க ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நிருவாகங்கள், இருக்கும் நூலைக் காக்கவும் ஒரு சிறு பகுதியை ஒதுக்குதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் கடமை நூலகருக்கு மட்டும் உரியதன்று. அந்நூல்களைக் கொண்டே பட்டம் பெற்ற தமிழாசிரியராகிய நமக்கே முதற்கண் உரியது. வரும் ஐப்பசிக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவோமாக.