ஆட்டுக்கல்லுக்கு அலங்காரமா?

நெடுஞ்சாலை ஓரத்து உணவகங்கள் சிலவற்றின் முகப்பில் இப்போது ஓர் ஆட்டுக்கல் வீற்றிருக்கிறது. அதன் குழியில் நீர் நிரப்பி மலரிதழ்களை மிதக்கவிட்டிருக்கிறார்கள். அருகே அரிக்கேன் விளக்கு. மாடத்தில் மர வானொலிப் பெட்டி. காற்றில் பழைய திரைப்பாடல். "அந்தக் காலம் பொற்காலம்!" என்று பெருமூச்சு விட்டபடி நாமும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பெருமூச்சோடுதான் எனக்கு வழக்கு.

நினைவுகூர்தல் குற்றமன்று. செங்காவி பூசிய சிமெண்டுத் தரையின் குளுமை, சிவகாசியில் அச்சான நாட்காட்டி, வரிசையாக மாட்டிய குடும்பப் புகைப்படங்கள், நடுவே சிறு விளக்கொளியில் திரு இருதய ஆண்டவர் படம், பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி: இவை நம்மை வளர்த்த வீட்டின் முகங்கள். அவற்றை அன்போடு எண்ணலாம். ஆனால் அந்த அன்பையே பிரம்பாக்கி இன்றைய இளைஞரை அடிப்பது முறையா?

"அன்றைய பாடலில் பண்பு இருந்தது, இன்றைய பாடலில் இரைச்சலே உண்டு" என்கிறோம். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுப்பவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவை அருகிப்போயின. நேயர்கள் கடல் கடந்து இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கிய பின்னரே நம் நாட்டு வானொலி அவற்றுக்கு மீண்டும் இடம் தந்தது. இன்று நாம் பண்பின் சிகரம் என்று போற்றும் காலத்துப் பாடல்களைத்தான் அன்றைய பெரியோர் பண்பற்றவை என்றனர். தீர்ப்பு அதே, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மட்டும் மாறியிருக்கிறார்.

"தொலைக்காட்சியைத் தெருவே கூடிப் பார்த்தோம், இன்றோ ஆளுக்கொரு கைப்பேசி" என்பது அடுத்த ஏக்கம். இதில் உண்மை உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்' காணப் பெட்டி உள்ள வீட்டில் கூட்டம் கூடியது. ஆனால் அக்கூட்டத்தில் நாற்காலியில் அமர்ந்தவர் யார்? தரையில் அமர்ந்தவர் யார்? சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற பிள்ளைகள் யார்? எத்தனையோ ஊர்களில் அந்த இடத்தை முடிவு செய்தது சாதியும் கூலியும் அல்லவா? உள்ளே இருந்தவருக்கு அது ஒற்றுமை. வெளியே நின்றவருக்கு அதன் பெயர் என்ன?

ஆட்டுக்கல்லுக்கே திரும்புவோம். அதன் சுவையைப் புகழ்வோரில் பலர் அதில் உண்டவர்களே, ஆட்டியவர்கள் அல்லர். பகலெல்லாம் உழைத்தபின், மறுநாள் இட்டிலிக்காகக் குழவியைச் சுழற்றிய தாயின் தோள்வலி அந்த மலரிதழ்களின் அடியில் மறைந்துவிட்டது. 2011இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, "மக்களைச் சோம்பேறிகளாக்குகிறார்கள்" என்று ஏளனம் பேசியோர் உண்டு. அவர்களுள் ஒருநாளேனும் மாவு ஆட்டியவர் எத்தனை பேர்?

பொருள்களை நினைவில் வைத்துக் கைகளை மறப்பது நினைவு ஆகாது. அது வசதியான மறதி. பேரப்பிள்ளைகளுக்குப் பழங்கதை சொல்லுங்கள். வானொலியின் இனிமையோடு, அதைத் திருகும் உரிமை வீட்டில் யாருக்கு இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கூடிப் பார்த்த களிப்போடு, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரையும் சொல்லுங்கள். கூடி வாழ்ந்த காலம் திரும்பவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், பழைய பெட்டிகளை வாங்கி மாடத்தில் அடுக்க வேண்டாம். அன்று சன்னலருகே நின்றவரின் பிள்ளைகளை இன்று வீட்டுக்குள் அழைத்து நாற்காலியில் அமரச் செய்யுங்கள்.